கூரை போட்ட பாலம்

இத்தாலியின் பாவியா நகரில் ஏறத்தாழ 600 ஆண்டுகள் நின்ற பாலத்தைப் போர் பாதி உடைத்தது. மீதியை உடைத்தது யார்?

மிலான் நகரிலிருந்து தெற்கே ரயிலில் அரை மணி நேரம். நகரத்தின் கான்க்ரீட் ஓய்ந்ததும் ஜன்னலுக்கு வெளியே விரிவது, இத்தாலி என்றதும் மாவுப் பண்டங்களை மட்டுமே நினைத்துக்கொண்டு வருபவரைத் திகைக்கவைக்கும் காட்சி. வரப்பு கட்டி, தண்ணீர் நிறுத்திய நெல் வயல்கள். ஐரோப்பாவில் மிக அதிகமாக அரிசி விளைவிக்கும் நாடு இத்தாலி. அதில் முன்னணியில் இருக்கும் மாவட்டங்களில் ஒன்று பாவியா. நம்மூர் நாற்று நடவைப் போலவே இங்கும் முழங்கால் தண்ணீரில் குனிந்து பாடுபட்டவர்கள் பெண்கள்தான். இயந்திரமும் களைக்கொல்லியும் வந்து அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டன.

ஊரின் பெயர் தமிழ்க் காதில் கொஞ்சம் சங்கடமாக விழும். "பாவியா?" என்று யாரோ விசாரிப்பதுபோல. ஆனால் தன் பாவங்களை ஒன்று விடாமல் எழுதிவைத்து உலக இலக்கியத்தில் இடம்பிடித்த புனித அகஸ்டின் அடக்கமாகியிருப்பது இந்த ஊரில்தான் என்று தெரியும்போது பெயர் பொருத்தமாகவே படுகிறது. கி.பி. 430இல் வட ஆப்பிரிக்காவில் இறந்தவர் அவர். உடல் முதலில் சார்டீனியா தீவுக்குப் போய், 8ஆம் நூற்றாண்டில் லியுத்பிராண்டு என்ற அரசரால் இங்கே கொண்டுவரப்பட்டது. அதே தேவாலயத்தின் நிலவறையில் இன்னொருவர், போயிதியஸ். மரண தண்டனைக்குக் காத்திருந்தபோது, தத்துவம் ஒரு பெண்ணாக வந்து தனக்கு ஆறுதல் சொல்வதாக ஒரு நூல் எழுதியவர். சுமார் 70,000 பேர் வாழும் ஊருக்கு இவ்வளவு பெரிய இறந்தவர்கள் கொஞ்சம் அதிகம்தான்.

ஊருக்குள் வழி கேட்க வேண்டிய அவசியம் இல்லை. வடக்கே விஸ்கோன்ட்டி பிரபுக்களின் செங்கல் கோட்டை. அங்கிருந்து 'புதிய தெரு' என்ற பழைய தெரு பிடித்த பிடியில் தெற்கே இறங்குகிறது. இடதுபுறம் பல்கலைக்கழகத்தின் முற்றங்கள், அப்புறம் துணிக்கடை, மருந்துக்கடை, காப்பிக்கடை. தெரு முடிகிற இடத்தில் டிச்சீனோ நதியும், அதன் மேல் பொன்ட்டே கோப்பெர்த்தோவும்.

இந்தப் பெயரைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'மூடிய பாலம்' என்றால் பொதுப்பணித் துறை போக்குவரத்தை நிறுத்திவிட்டதாகத் தோன்றும். 'மூடுபாலம்' என்றால் ஏதோ ராணுவ ரகசியம். கூரைப் பாலம் என்பதுதான் விஷயத்துக்கு நெருக்கம். இத்தாலிய உணவகத்தில் பில் வரும்போது அதே 'கோப்பெர்த்தோ' முதல் வரியில் உட்கார்ந்திருக்கும். மேஜை விரிப்புக்கும் ரொட்டிக்கும் தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் கட்டணத்துக்கும் அதுவே பெயர். பாலத்தின் கோப்பெர்த்தோவுக்குக் கட்டணம் எதுவும் கிடையாது.

சிவப்புச் செங்கல் வளைவுகள் ஐந்து. இரு முனைகளிலும் வாசல்கள். நீளம் முழுவதும் தூண்கள் தாங்கும் ஓட்டுக் கூரை, திண்ணை வைத்த ஒரு தெருவை அப்படியே தூக்கி ஆற்றின் மேல் வைத்தது போல. நடுப்பாலத்தில் ஒரு சின்னக் கோயில், புனித நெப்போமுக் யோவானுக்கு. 1393இல் பிராக் நகரப் பாலத்திலிருந்து ஆற்றில் தள்ளிக் கொல்லப்பட்டவர் அவர். அந்தக் காரணத்தாலேயே ஐரோப்பாவில் பல பாலங்களுக்குக் காவல் தெய்வம் ஆனார். நம்மூர்க் காவல் தெய்வங்களின் கதையும் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்.

பாலத்துக்கு எதற்குக் கூரை? மரப்பாலம் என்றால் பதில் சுலபம். சுவிட்சர்லாந்தின் லூசர்ன் நகரில் இருப்பது போன்ற பாலங்களுக்குக் கூரை போட்டது, மழையிலும் பனியிலும் மரம் உளுத்துப் போகாமல் இருக்க. பாவியாவில் பாலம் செங்கல்லும் கல்லும். கூரை இல்லாவிட்டாலும் அதற்கு ஒன்றும் ஆகியிருக்காது. நடப்பவன் நனையக் கூடாது, வெயிலில் காயக் கூடாது என்பதைத் தவிர வேறு பெரிய காரணம் தெரியவில்லை. மாலை ஐந்து மணிக்கு இதைப் பார்த்தால் புரிந்துவிடும். கல்லூரி விட்ட பிள்ளைகள், காய்கறிப் பையோடு பாட்டிமார்கள், நாய்க்குட்டிகள், தூணில் சாய்ந்து முத்தமிடும் ஜோடிகள். ஆற்றைக் கடப்பது பலருக்கு அன்றைய நோக்கமே இல்லை. பாதி தூரம் போகிறார்கள், நின்று தண்ணீரைப் பார்க்கிறார்கள், திரும்பி வருகிறார்கள்.

இந்தப் பாலத்தைக் கட்டியவன் சாத்தான் என்று ஊரில் ஒரு கதை உண்டு. கி.பி. 999, கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு. நள்ளிரவுப் பூசைக்கு ஊருக்குள் போக வேண்டிய யாத்திரிகர்கள் அக்கரையில் மாட்டிக்கொள்கிறார்கள். கண்ணை மறைக்கும் மூடுபனி. படகு போதவில்லை. சிவப்பு உடை உடுத்திய ஒருவன் வந்து, பாலம் நான் கட்டித் தருகிறேன், முதலில் கடக்கும் உயிர் எனக்கு என்கிறான். பனியிலிருந்து பாலம் எழும்புகிறது. வானதூதர் மிக்கேல் யோசனை சொல்ல, முதலில் ஓர் ஆட்டுக் கிடாயை ஓட்டிவிடுகிறார்கள். சாத்தானுக்குக் கிடைத்தது அந்தக் கிடாய்தான். இந்தக் கதை ஐரோப்பாவில் வேறு பல பாலங்களுக்கும் உண்டு. கிடாய்க்குப் பதில் சில இடங்களில் நாய், சில இடங்களில் சேவல். டிச்சீனோவின் குளிர்கால மூடுபனியைப் பார்த்தவர்களுக்கு பாவியாவின் கதையே மூலக்கதை என்று தோன்றலாம். ஐந்தடிக்கு அப்பால் தூண் தெரியாது.

சாத்தானை விட்டுவிட்டு ஏட்டைப் புரட்டினால், முதலில் பாலம் போட்டவர்கள் ரோமானியர்கள். ஊருக்கு அப்போது ஆற்றின் பெயர்தான்: டிச்சீனும். அந்தப் பாலத்தின் இடிபாடுகள் மேல் 1351இல் வேலை தொடங்கி 1354இல் கூரைப் பாலம் எழுந்தது. ஏழு ஆண்டுகள் கழித்து, 1361இல், பேரரசர் நான்காம் சார்ல்ஸின் ஆணையோடு பல்கலைக்கழகம். ஆக, பல்கலைக்கழகத்தைவிடப் பாலம் மூத்தது. 825லேயே பேரரசர் லோத்தார் இங்கே ஒரு பள்ளியை நியமித்தார், எனவே நாங்கள்தான் மூத்தவர்கள் என்று பல்கலைக்கழகத்தார் வாதாடலாம். ரோமானியப் பாலத்தைக் கணக்கில் சேர்த்தால் அந்த வாதமும் நிற்காது.

பல்கலைக்கழகம் என்றால் சுற்றுச்சுவருக்குள் ஒரு வளாகம் என்று நினைக்க வேண்டாம். ஊரே வளாகம். 16ஆம் நூற்றாண்டில் தொடங்கிய பொரோமேயோ, கிஸ்லியேரி என்ற இரண்டு மாணவர் இல்லங்கள் இன்றும் நடக்கின்றன. இத்தாலிய நாடகத்தின் பெரிய பெயர்களில் ஒருவரான கோல்தோனி கிஸ்லியேரியில் படித்தவர். உள்ளூர்ப் பெண்களைக் கிண்டல் செய்து எழுதியதற்காக 1725இல் துரத்தப்பட்டார். அதே ஊரில் 1777இல் மரியா பெல்லெக்ரீனா அமொரெத்தி என்ற பெண் சட்டத்தில் பட்டம் பெற்றார். கேலி எழுதியவனுக்கு அரை நூற்றாண்டு கழித்துக் கிடைத்த பதில் என்று வைத்துக்கொள்ளலாம்.

மின்கலத்தைக் கண்டுபிடித்த அலெஸ்ஸாந்த்ரோ வோல்டா இங்கே நெடுங்காலம் பேராசிரியர். முற்றத்தில் அவருக்குச் சிலை. உடற்கூறு அறிஞர் அந்தோனியோ ஸ்கார்ப்பாவுக்குக் கிடைத்த மரியாதை கொஞ்சம் வேறு மாதிரி. 1832இல் அவர் இறந்தபின் பதப்படுத்திய தலை, பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இன்றும் கண்ணாடிக்குள் இருக்கிறது. வாழ்நாள் முழுக்கப் பிறர் உடலை அறுத்துப் பார்த்தவர். பார்க்கிறவர்களில் யாரும் அந்த அலமாரிக்கு முன் நெடுநேரம் நிற்பதில்லை.

இந்திய வாசகர் கொஞ்சம் நிற்க வேண்டிய இடம் கமில்லோ கோல்ஜியின் முன்னால். நரம்பு செல்லைக் கறுப்பாக்கி நுண்ணோக்கியில் தனித்துக் காட்டும் முறையை 1873இல் கண்டுபிடித்தவர். அதற்காக 1906இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார், தன் கொள்கையை மறுத்த ஸ்பெயின்காரர் கஹாலோடு. பரிசளிப்பு உரையிலேயே கோல்ஜி அவருடைய கொள்கையைத் தாக்கிப் பேசினார் என்பது அறிவியல் வரலாற்றின் ருசியான பக்கம். ஆனால் நெல் வயல் சூழ்ந்த ஊரில் அவர் செய்த இன்னொரு வேலைதான் நமக்கு நெருக்கமானது. மலேரியாக் காய்ச்சல் சிலருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், சிலருக்கு இரண்டு நாள் விட்டு வரும். 1880களின் நடுவில், நோயாளியின் ரத்தத்தில் ஒட்டுண்ணி பெருகி உடையும் நேரமும் குளிர் நடுக்கம் வரும் நேரமும் ஒன்றாக இருப்பதை கோல்ஜி காட்டினார். ஒட்டுண்ணி வெளியிலிருந்து உடம்புக்குள் எப்படி வருகிறது என்பது அவருக்குப் பிடிபடவில்லை. அதற்கு 1897இல் செக்கந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றை அறுக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டே, மனிதர்களைத் தாக்கும் மலேரியாவை அனாபிலிஸ் கொசு பரப்புவதை நிறுவிய ஜொவான்னி பத்திஸ்தா கிராஸ்ஸி, பாவியாவில் மருத்துவம் படித்தவர். 1902இல் நோபல் பரிசு ராஸுக்கு மட்டும் போனது. இந்தியாவில் ராஸின் பெயரைப் படிக்கிறோம். இத்தாலியில் கிராஸ்ஸியின் பெயரை அதே அழுத்தத்தோடு சொல்கிறார்கள், கொஞ்சம் கோபத்தோடும்.

பாவியாவின் இன்னொரு விருந்தாளி மாணவராகவோ பேராசிரியராகவோ வந்தவர் அல்ல. ஜெர்மனியில் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் பெற்றோரைத் தேடி வந்த 16 வயதுப் பையன். அப்பாவும் சித்தப்பாவும் இங்கே கால்வாய்க் கரையில் மின்சார இயந்திரத் தொழிற்சாலை போட்டிருந்தார்கள். 1896இல் அது நொடித்துப்போனது. பையன் மட்டும் 1895இல் இந்த ஊரில் சந்தோஷமாகச் சுற்றித் திரிந்தான். குடும்பம் வாழ்ந்த வீடு ஃபொஸ்கோலோ தெருவில் இருக்கிறது. பையனின் பெயர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன். இரண்டாம் உலகப் போருக்குப் பின், அமெரிக்காவில் இருந்துகொண்டு, இளமைக்கால இத்தாலியத் தோழிக்கு எழுதிய கடிதத்தில் பாவியாவின் அழகான பாலத்தை அடிக்கடி நினைத்துக்கொள்வதாகக் குறிப்பிட்டார். அவர் நினைத்துக்கொண்டிருந்த பாலம் அப்போது முழுதாக இல்லை.

1944 செப்டம்பரில் நேச நாடுகளின் விமானங்கள் பாவியாவின் பாலங்களைக் குறிவைத்தன. ஜெர்மன் படை ஆற்றைக் கடக்கக் கூடாது என்பது நோக்கம். பாலத்துக்குப் போட்ட குண்டு பாலத்தில் மட்டும் விழுவதில்லை. அக்கரையில் இருந்த போர்கோ டிச்சீனோ குடியிருப்பில் வீடுகள் நொறுங்கி, பலர் மாண்டனர். பழைய பாலம் பலத்த காயத்தோடு நின்றது. வளைவு சிதைந்தது, கூரை சிதைந்தது. ஆனால் முழுதாக விழவில்லை.

போர் முடிந்ததும் ஊரில் சண்டை தொடங்கியது. இருப்பதைச் சரிசெய்து நிறுத்துவதா, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதா? ஒரு பக்கம் பழைமையைக் காக்க நினைத்தவர்கள். மறு பக்கம், அகலமான சாலை வேண்டும், வெள்ளம் வந்தால் உடைந்த பாலம் ஆற்றை அடைத்துவிடும் என்றவர்கள். வாதம் நடந்துகொண்டிருந்தபோதே 1947இல் பாலத்தின் ஒரு பகுதி சரிந்தது. 1948இல் மிச்சத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். புதிய பாலம் 1949இல் தொடங்கி 1951இல் திறக்கப்பட்டது. பழையதற்குச் சுமார் 30 மீட்டர் கீழே, பழையதைவிட அகலமாக, உயரமாக. முன்பு ஏழு வளைவுகள், இப்போது ஐந்து.

நாம் நடந்து, ஆற்றைப் பார்த்து, 'என்ன பழைமை!' என்று புகைப்படம் எடுத்துக்கொள்ளும் பாலம் இதுதான். நம் நாட்டின் பல அணைக்கட்டுகளின் வயதுதான் இதற்கும்.

பாலத்தின் வாசலில் ஒரு கல்வெட்டு உண்டு. போரின் சீற்றத்தால் அழிந்த பழைய கூரைப் பாலத்தின் சாயலில் இத்தாலியக் குடியரசு இதைத் திரும்பக் கட்டியது என்ற பொருளில் அலங்கார மொழியில் எழுதியிருக்கிறது. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த மாதிரி வாக்கியங்களைக் கண்டால் கை குறுகுறுக்கும். சொன்னது பொய்யில்லை. ஆனால் எழுவாயைத் தேர்ந்தெடுத்த விதம் இருக்கிறதே! அழித்தது போர், கட்டியது குடியரசு. 1948இல் வெடியைப் பற்றவைத்தபோது போர் முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. குடியரசுக்கு வயது இரண்டு. அந்த ஆண்டு அந்த வாக்கியத்துக்குள் நுழையவே இல்லை.

வேறு வழி இருந்ததா? இருந்தது என்பதற்கு இத்தாலியிலேயே சாட்சிகள் உண்டு. ஃபுளோரன்ஸ் நகரின் சாந்தா த்ரீனிதா பாலத்தை ஜெர்மானியர்கள் 1944இல் தகர்த்தார்கள். 'இருந்த இடத்தில், இருந்தபடி' என்று பிடிவாதம் பிடித்து, ஆற்றுக்குள் கிடந்த கற்களைப் பொறுக்கி எடுத்து 1958இல் எழுப்பி முடித்தார்கள். வெரோனா நகரின் கல் பாலத்துக்கும் அப்படியே. அதில் ரோமானியக் கற்களும் உண்டு. பாவியாவின் பாலம் இருந்த இடத்திலும் இல்லை, இருந்தபடியும் இல்லை. அதனால் கட்டடக்கலை வல்லுநர்கள் சிலர் இதைப் போலி என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள்.

எனக்கு அப்படித் தள்ளிவிட முடியவில்லை. பழையதை வெடிவைத்துத் தகர்த்தது அவசரம் என்றே நினைக்கிறேன். சரிந்தது ஒரு பகுதி, இடித்தது முழுவதையும். ஆனால் அதற்குப் பிறகு அவர்கள் வேறு என்ன கட்டியிருக்கலாம் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். பணம் இல்லாத நாடு, வீடு இழந்த மக்கள், 1949ஆம் ஆண்டு. நாலு கான்க்ரீட் தூண் நிறுத்தித் தளம் போட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். வாகனத்துக்கு அது போதும். அந்த நிலையிலும் செங்கல் வேண்டும், கூரை வேண்டும், நடுவில் நெப்போமுக்குக்குக் கோயில் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். கூரையால் போக்குவரத்துக்கு ஒரு பைசா லாபம் கிடையாது. நடப்பவர்களுக்காக அது மறுபடியும் போடப்பட்டது. மாலை ஐந்து மணிக் கூட்டத்துக்கு, தாங்கள் நிற்பது 30 மீட்டர் தள்ளி நிற்கிறது என்ற கவலை இருப்பதாகத் தெரியவில்லை.

எல்லாவற்றையும் திரும்பக் கட்டும் ஊரும் அல்ல இது. பேராலயத்தை ஒட்டி ஏறத்தாழ 78 மீட்டர் உயரத்தில் ஒரு மணிக்கூண்டு நின்றது. இடைக்காலத்தில் எழுந்த கோபுரம். 1989 மார்ச் 17 காலை ஒன்பது மணிக்குச் சற்று முன், புயலோ நிலநடுக்கமோ எதுவும் இல்லாமல், அது அப்படியே சரிந்து விழுந்தது. நான்கு பேர் இறந்தார்கள். வெளியே செங்கல் போர்த்து உள்ளே கல்லும் சுண்ணமும் கொட்டி எழுப்பிய சுவர், நூற்றாண்டுகளாகத் தன் பாரத்தைத் தானே சுமந்து களைத்துப்போயிருந்தது என்பது பின்னால் வந்த விளக்கம். அந்தச் செய்தியில் அதிர்ந்துதான் 1990 ஜனவரியில் பைசா கோபுரத்தைப் பார்வையாளர்களுக்கு மூடினார்கள். அது திரும்பத் திறக்க 2001 டிசம்பர் ஆயிற்று. பைசா பிழைத்ததற்குப் பாவியா ஒரு கோபுரத்தைக் கொடுத்தது. இங்கே அந்தக் கோபுரத்தை மறுபடி எழுப்பவில்லை. அடிப்பாகம் மட்டும் ஒரு மொட்டைச் சுவராக நிற்கிறது. பேராலயச் சதுக்கத்தில் ஐஸ்கிரீம் சாப்பிடும் சுற்றுலாப் பயணிகளில் பலர் அதைக் கட்டி முடிக்காத ஏதோ ஒன்று என்று எண்ணிக் கடக்கிறார்கள்.

பாலத்தைக் கடந்து அக்கரைக்கும் போக வேண்டும். பெரும்பாலான பயண வழிகாட்டிகள் பாதிப் பாலத்தோடு திரும்பிவிடுகின்றன. போர்கோ டிச்சீனோ படகுக்காரர்களும் மீனவர்களும் மணல் அள்ளியவர்களும் வண்ணாத்திகளும் வாழ்ந்த கரை. பல்கலைக்கழகக் கரையின் சட்டைகள் இந்தக் கரையில் வெளுக்கப்பட்டன. ஆற்றோரம் குனிந்து துணி தேய்க்கும் ஒரு பெண்ணின் சிலை இருக்கிறது. வோல்டாவுக்குச் சிலை வைத்த ஊர் இவளுக்கும் வைத்திருப்பது நல்ல விஷயம். வண்ணம் பூசிய சிறிய வீடுகள் வரிசையாக ஆற்றைப் பார்த்து நிற்கின்றன. சுவர்களில், ஆள் உயரத்துக்கும் மேலே, வெள்ளம் தொட்ட குறிகள். 1857, 2000 என்று ஆண்டுகள். இந்தத் தெருக்காரர்களுக்கு ஆறு வீட்டுக்குள் வருவது புதிதல்ல. தரைத்தளத்தில் விலையுள்ள சாமான் வைப்பதில்லை.

வெள்ளம் மட்டுமல்ல, வறட்சியும் வரும் என்று 2022 காட்டியது. ஆல்ப்ஸ் மலையில் பனி குறைந்து, போ நதிச் சமவெளி முழுவதும் காய்ந்தது. பாவியா மாவட்டத்து நெல் வயல்கள் வெடித்தன, பலருக்கு அந்த ஆண்டு அறுவடை இல்லை. டிச்சீனோவும் சுருங்கியது.

ஆற்றில் நீர் குறையும்போது, இன்றைய பாலத்துக்குச் சற்று மேலே, 1354ஆம் ஆண்டுப் பாலத்துத் தூண்களின் அடிக்கட்டைகள் வெளியே தலைகாட்டும். செங்கல்லும் கல்லும் பாசியும் கலந்த மேடுகள், ரோமானியக் கல்லும் உண்டு என்கிறார்கள். அவற்றைப் பார்க்க மேல்புறக் கைப்பிடிச் சுவர் ஓரமாக, நடுவிலுள்ள கோயிலைத் தாண்டாமல் நிற்க வேண்டும். வெயில் சாய்ந்தபிறகு என்றால் நல்லது. நண்பகலில் தண்ணீர் மினுமினுத்துக் கண்ணை மறைத்துவிடும்.